நாலு ஹார்ட் டிஸ்க்கா, ஒரே பெரிய டிஸ்க்கா?

என் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் நாலு ஹார்ட் டிஸ்க் இருந்தன: 500 ஜிபி ஒன்று, 1 டிபி இரண்டு, 2 டிபி ஒன்று. அதில் ஒரு 1 டிபி ராத்திரியில் ‘டிக்... டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சிறு துண்டுகளின்) எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தது. அந்த வாரமே எல்லாவற்றையும் ஒரே 8 டிபி டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் ஒற்றை டிஸ்க் கட்சி.

மின்சாரம், சூடு, சத்தம், டிஸ்க்கைச் செருகும் சாட்டா போர்ட் எல்லாவற்றிலும் ஒற்றை டிஸ்க்தான் ஜெயிக்கும், அதைச் சொல்லவே வேண்டாம். பல டிஸ்க்குகளுக்கு இருக்கும் நிஜமான சாதகம் வேகம். டி டிரைவிலிருந்து இன்னொரு டிஸ்க்கில் உள்ள ஈ டிரைவுக்கு காப்பி போட்டால் ஒன்று படிக்கும், இன்னொன்று எழுதும். அந்த டி-யும் ஈ-யும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த பார்ட்டிஷன்கள் என்றால், படித்து எழுதும் முனையான ஹெட், படிக்க ஒரு பக்கம், எழுத ஒரு பக்கம் என்று ஓடி நாக்குத் தள்ளிவிடும். தினமும் வீடியோ எடிட் செய்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

“ஒன்று போனால் மொத்தமும் போச்சே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்ட்டிஷன் பிரித்துவைப்பது இதற்குப் பாதுகாப்பே இல்லை. மோட்டார் நின்றால் எல்லா பார்ட்டிஷனும் சேர்ந்தே நிற்கும். ஆனால் நாலு டிஸ்க் வைத்திருந்தபோது நான் பத்திரமாகவா இருந்தேன்? மாற்றும்போது பார்த்தால் கல்யாண ஃபோட்டோக்கள் மூன்று டிஸ்க்கில் இருந்தன. வரிக் கணக்கு ஃபோல்டர் ஒரே ஒரு இடத்தில்தான், அதுவும் டிக் டிக் டிஸ்க்கில். எதற்கு எங்கே பேக்கப் என்பது எனக்கே தெரியாது. இப்போது இன்னொரு 8 டிபி வெளியே இருக்கிறது. ஞாயிறு ராத்திரி செருகி, மாறியதை மட்டும் காப்பி எடுத்துக் கழற்றிவிடுகிறேன். யோசிக்க ஒன்றுமில்லாததால்தான் அதைத் தவறாமல் செய்கிறேன். என்னை ஒற்றை டிஸ்க் பக்கம் சாய்த்தது இது ஒன்றுதான்.

ஆகவே விலையை ஒப்பிடும்போது இரண்டு பெரிய டிஸ்க்காகக் கணக்குப் போடுங்கள். ஒன்று வாங்கத்தான் முடியும் என்றால், பழைய டிஸ்க்குகளில் நன்றாக இருப்பவற்றை ஓரங்கட்டாமல் அதற்குப் பேக்கப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு நான் வைத்ததில்லை. ஆனால் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் மிரர் ரெய்டில் ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும், அதனால் அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பார்ட்டிஷன் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பழைய பழக்கத்தில் புது டிஸ்க்கையும் நாலாகப் பிரித்தேன். ஆறே மாதத்தில் ஃபோட்டோ பார்ட்டிஷன் நிரம்பி வழிந்தது. கடைசி பார்ட்டிஷன் பாதிக்குமேல் காலி, அதைச் சுருக்கினேன். ஆனால் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாகவே கிடந்தது. காலியிடம் அந்தப் பார்ட்டிஷனுக்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றி இரண்டாகக் குறைத்தேன். மிச்சத்தை ஃபோல்டர்களே பார்த்துக்கொள்கின்றன. பார்ட்டிஷன் விவரங்களை டிஸ்க்கில் குறித்துவைக்க ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு முறைகள் உண்டு; புது டிஸ்க்கை ஜிபிடி-யாகத்தான் தொடங்க வேண்டும். எம்பிஆர் என்றால் 2 டிபி-க்கு மேல் உள்ள இடம் வீண். இன்னொன்று, 8 டிபி விண்டோஸில் 7.27 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வாங்கும்போது, டிஸ்க்கில் தகவலை எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று பாருங்கள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். விடாமல் எழுதினால் வேகம் படுத்துவிடும். பேக்கப்புக்குப் பரவாயில்லை, தினசரி வேலைக்கு வேண்டாம். பெரிய டிஸ்க் எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஒன்றரை வருஷ அனுபவத்தில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

டிக் டிக் டிஸ்க்கைக் கழித்துவிட்டேன். பழைய 2 டிபி, ஃபோட்டோக்களின் மூன்றாவது நகலோடு அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. மற்ற இரண்டையும் ஃபார்மேட் செய்ய இன்னும் கை வரவில்லை.