171-க்கு அடித்துப் பழகுங்கள்: நிலநடுக்க நேரத்தில் ஜப்பானின் குரல்பதிவுச் சேவை எப்படி?

ஜப்பானில் தரை பலமாகக் குலுங்கி ஓய்ந்ததும் எல்லார் கையும் போனுக்குத்தான் போகும். டோக்கியோ நிஷிகசாயில் இருப்பவர் செண்டாயில் இருக்கும் நண்பருக்கு அடிப்பார். அதே நிமிடம் சென்னையிலிருந்து அம்மா இவருக்கு அடிப்பார். ரெண்டுமே கிடைக்காது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு வந்த 9.0 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, உச்ச நேரத்தில் செல்போன் நிறுவனங்கள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை தடுத்து நிறுத்தின. லேண்ட்லைனில் 80 முதல் 90 சதவீதம். டவர்களும் கேபிள்களும் சேதமானது ஒரு பக்கம். ஆனால் பெரிய சேதம் இல்லாத டோக்கியோவிலும் லைன் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இந்தத் தடுப்புதான். போலீஸுக்கான 110-க்கும், தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரிய 119-க்கும் வழிவிட வேண்டும் என்பதற்காக மற்ற அழைப்புகளைக் குறைக்கிறார்கள். மறுபடி மறுபடி அடிப்பதால் நெரிசல்தான் கூடும், சார்ஜும் போகும்.

இந்த நேரத்துக்கென்றே இருப்பது 171. 1995 ஜனவரி 17 அதிகாலை கோபேயை உலுக்கிய நிலநடுக்கத்தில் போன் இணைப்புகள் திணறிப்போன அனுபவத்திலிருந்து பிறந்த சேவை இது. ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்டிடி 1998 மார்ச்சில் தொடங்கியது. இப்போது என்டிடி கிழக்கு, என்டிடி மேற்கு இரண்டும் சேர்ந்து நடத்துகின்றன. 171 யாரையும் நேரடியாகப் பிடித்துக் கொடுக்காது. நலமாக இருப்பவர் தன் குரலைப் பதிந்து வைப்பார், தேடுபவர் தனக்கு லைன் கிடைக்கும்போது கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லைனில் இருக்கத் தேவையில்லை. இதன் பலமே அதுதான். ஜப்பானியர் 171-ஐ 'இ-ன-இ' என்று படித்து, 'வசுரெதே இனாய்', அதாவது 'மறக்கவில்லை' என்ற சொல்லோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை சுலபம். ஆனால் வழிகாட்டும் குரல் ஜப்பானிய மொழியில் பேசும் என்பதால், மொழி தெரியாதவர்கள் எண்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது. 171 அடியுங்கள். பதிய 1, கேட்க 2. அடுத்து, பாதிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரின் போன் எண்ணை முழுசாக அழுத்துங்கள். பட்டன் போன் என்றால் 1, ஹேஷ் (#). பீப் சத்தம் கேட்டதும் 30 விநாடிக்குள் பேசுங்கள். முடித்ததும் 9, ஹேஷ். சொன்னது சரியில்லை என்றால் 8, ஹேஷ் அழுத்தித் திரும்பப் பதியலாம். கேட்கும்போது புதிய பதிவு முதலில் வரும். அதையே திரும்பக் கேட்க 8, ஹேஷ். அடுத்ததுக்குப் போக 9, ஹேஷ்.

அந்த எண்ணைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் உங்கள் பதிவைக் கேட்க முடியும். தங்கியிருக்கும் இடத்தை வெளியாட்கள் அறியக்கூடாது என்றால் 1, 2-க்குப் பதிலாகப் பதிய 3, கேட்க 4. கூடவே நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். அதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் புதிதாக ஓர் எண்ணை வைத்துவிட்டு, அதை யாருக்கும் சொல்ல வழியில்லாமல் நிற்பதில் பயனில்லை.

30 விநாடி என்பது குறைவுபோலத் தோன்றும், போதும். ஆனால் வெறும் "நான் நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடக் கூடாது. அது காலையில் சொன்னதா, இரவு வந்த பின்னதிர்வுக்குப் பிறகு சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். இப்படிச் சொன்னால் முழுமை: "கவிதா பேசுறேன். இன்னிக்கு 11-ஆம் தேதி, சாயங்காலம் 4 மணி. நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம், அடி எதுவும் இல்லை. வீட்டுல இல்லை, பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஜிம்ல இருக்கோம். ராத்திரி 8 மணிக்கு மறுபடி பதியறேன்." பெயர், நேரம், எத்தனை பேர், எங்கே, அடுத்து எப்போது என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. நிதானமாகப் பேசினாலே 20 விநாடிக்குள் முடிந்துவிடும்.

இந்தச் சேவையில் மிக அதிகமாகத் தவறு நடப்பது போன் எண்ணில்தான். நீங்கள் அழுத்தும் எண்தான் பெட்டியின் பெயர். கணவர் தன் செல் எண்ணில் பதிந்துவிட்டு, மனைவி தன் செல் எண்ணில் தேடினால், கணவரின் பதிவு பத்திரமாக இருக்கும், ஆனால் அவர் குரல் மனைவிக்குக் கேட்காது. 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்ததும் மனம் எங்கெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் குடும்பத்துக்கு ஒரே எண், நண்பர் குழுவுக்கு ஒரே எண் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஜப்பானிய எண்ணாக இருக்க வேண்டும், இந்திய எண் உதவாது. நாட்டுக் குறியீடான 81 போடாமல் 0-வில் தொடங்க வேண்டும். செல் எண் என்றால் 090, 080, 070. லேண்ட்லைன் என்றால் ஊர்க் குறியீட்டோடு, டோக்கியோவுக்கு 03. அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் உயிரோடு இருக்கும் என்ற உறுதி கிடையாது.

ஓர் எண்ணுக்கு அதிகபட்சம் 20 பதிவுகள்தான். எத்தனை என்பதைச் சேவையைத் திறக்கும்போது அறிவிப்பார்கள். ஆகவே வெளியில் இருக்கும் நண்பர்கள் ஆளாளுக்கு "எப்படி இருக்கே?" என்று பதிந்து இடத்தை நிரப்பக் கூடாது. முதலில் கேளுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் ஒருவர் பதியுங்கள்.

வெளியில் தெரியாத ஒரு வடிவமைப்பு இதில் உண்டு. பதிவுகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பதில்லை. போன் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து, நாடு முழுவதும் உள்ள பல நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். செண்டாய்க்கே அத்தனை பேரும் அடித்தாலும் அழைப்புகள் செண்டாய் இணைப்பகத்தில் போய் முட்டாமல் சிதறிவிடும். நேரடி அழைப்பு திணறும்போதும் 171 கிடைப்பதற்குக் காரணம் இது. செயலிகள் பெருகிய பிறகும் இந்தப் பழைய சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம் என்றால், முக்கியமாக இதற்காகத்தான்.

குறைக்கும் அந்த ஒன்று எதற்கு? மொழிக்கும், எப்போதும் திறந்திருக்காததற்கும். பொதுவாக ஜப்பானின் ஷிண்டோ அளவில் 6-இன் கீழ்நிலையோ அதற்கு மேலோ அதிர்வு வந்தால் திறப்பார்கள். டிவியிலும் ரேடியோவிலும் அறிவிப்பு வரும். ஷிண்டோ வேறு, 9.0, 7.6 என்று சொல்லும் அளவு வேறு. பின்னது நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றல். ஷிண்டோ என்பது நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கியது என்பது. 0-வில் தொடங்கி 7-இல் முடியும்.

ஜப்பானுக்கு வெளியே இருந்து 171-க்கு அடிக்க முடியாது. அம்மா அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியது இணையப் பதிப்பான வெப்171. உலாவியில் திறந்து அதே போன் எண்ணை இடைக்கோடு இல்லாமல் போட்டால் எழுத்துப் பதிவுகள் வரும், தாங்களும் 100 எழுத்துகளுக்குள் எழுதலாம். ஜப்பானிய மொழி தவிர ஆங்கிலம், சீனம், கொரிய மொழிப் பக்கங்களும் உண்டு. 171 தடுமாற வைக்கும் நண்பர்களுக்கு இந்த ஆங்கிலப் பக்கம் பெரிய உதவி. தமிழில் சொல்ல வேண்டியதை ஆங்கில எழுத்துகளில் தட்டுவதே பாதுகாப்பு.

போன் செத்துவிட்டால் பொதுத் தொலைபேசியைத் தேடுங்கள். பச்சை அல்லது சாம்பல் நிறப் பெட்டி. பேரிடர் நேரத்தில் இவற்றின் அழைப்புகளுக்குச் சாதாரண போன்களைப் போலக் கட்டுப்பாடு கிடையாது. 2011-இல் டோக்கியோ தெருக்களில் இவற்றின் முன்னால்தான் வரிசை நின்றது. பெரிய பாதிப்பு ஏற்பட்ட பகுதிகளில் இலவசமாகவும் திறந்துவிடுவார்கள். அப்போதும் பச்சைப் பெட்டியில் 10 யென் நாணயம் போட்டால்தான் எண் போகும், பேசி முடித்ததும் நாணயம் திரும்பி விழும். மின்சாரம் இல்லாதபோது அதில் டெலிபோன் கார்டு வேலை செய்யாது. பர்ஸில் ஐந்தாறு 10 யென் நாணயங்களைத் தனியாகப் போட்டு வைக்கச் சொல்வது அதனால்தான். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய், ரிசீவரை எடுத்து, நாணயம் போட்டு, பிறகு எண்ணை அழுத்த வேண்டும் என்ற வரிசையைக் காட்டுங்கள். செல்போனிலேயே வளர்ந்தவர்களுக்கு அது தானாகத் தெரியாது.

ஜப்பானில் பலரும் பயன்படுத்தும் லைன் (LINE) என்ற செய்திச் செயலியும் ஃபேஸ்புக்கும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் லைனையே பாருங்கள், தவறில்லை. டேட்டா துண்டு துண்டாகப் போவதால் குரல் கிடைக்காதபோதும் அது நுழைந்துவிடும். 2011-இலும் டேட்டாவில் கட்டுப்பாடு மிகக் குறைவாகவே இருந்தது. பெரிய நிலநடுக்கம் வந்தால் லைனின் முகப்பிலேயே நலமா என்று கேட்கும் பகுதி தோன்றும், ஒரு தொடுதலில் நண்பர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஃபேஸ்புக்கின் பாதுகாப்புச் சோதனை 2014-இல் வந்தது. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தின்போது ஏராளமானோர் அதில் நலம் என்று குறித்தார்கள். ஆனால் இரண்டுமே கணக்கு வைத்திருப்பவர்களுக்கும், நண்பர் பட்டியலில் இருப்பவர்களுக்கும்தான். பக்கத்து வீட்டு முதியவர் இரண்டிலும் இருக்க மாட்டார். 171-இல் அவருடைய லேண்ட்லைன் எண் ஒன்றே போதும்.

இதற்கும் எல்லை உண்டு. 2024 ஜனவரி 1 மாலை 4:10-க்கு நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது மின்சாரமும் கேபிள்களும் போய், செல் டவர்கள் வரிசையாக அணைந்தன. சாலைகளும் உடைந்ததால் பழுதுபார்க்கும் ஆட்கள் உள்ளே போகவே நாள் பிடித்தது. எந்தப் போனையும் எட்ட முடியாதவருக்கு 171 ஒன்றும் செய்யாது. ஆகவே பெட்டி காலியாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அந்தப் பகுதியில் டவர் இயங்குகிறதா, மின்சாரம் இருக்கிறதா என்பதைச் செய்தியில் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். பாதிக்கப்பட்ட ஊருக்கு வெளியே, ஒசாகாவிலோ சென்னையிலோ, ஒருவரை இடைத்தொடர்பாக வைத்துக்கொள்வது இங்கே கைகொடுக்கும். பாதிக்கப்பட்ட ஊருக்குள் அழைப்பு நுழையாத நேரத்தில் அங்கிருந்து வெளியே போகும் அழைப்பு சில சமயம் கிடைத்துவிடும். எல்லாரும் அந்த ஒருவரிடம் சொல்லி, அந்த ஒருவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பழகிப் பார்க்க ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் நாள் முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். ஜனவரி 1 முதல் 3 வரையும், ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரையிலான பேரிடர் தடுப்பு வாரத்திலும் கூட. அடுத்த 1-ஆம் தேதி சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் பக்கத்து அறைக்குப் போய்ப் பதியட்டும், இன்னொருவர் கேட்கட்டும். அதே நேரம் ஊரில் இருப்பவர்கள் வெப்171-இல் ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும். பழகும் நாளில் பதிந்தவை 6 மணி நேரத்தில் அழிந்துவிடும்.