முதுகு நார்மலாம், காலை யார் பார்ப்பது?

தம்பியின் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சாகி வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு ஒன்பது வருஷமாக வீல்சேரில் இருக்கிறவன். போன வருஷம் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது கால் லேசாக முறுக்கிக்கொண்டது. அவ்வளவுதான், முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்துவிட்டது. வலி தெரியாதே. கால் வீங்கி, சூடாகி, தசை இழுப்பு அதிகமானபோது முதலில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவே தாமதம். அப்படிப்பட்டவனுக்கு எலும்பு நார்மலாம்.

எதை அளந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கீழ்முதுகு, எல்1 முதல் எல்4 வரையுள்ள நான்கு எலும்புகள். விபத்தில் அவனுக்கு முறிந்தது இதற்குச் சற்று மேலே இருக்கும் டி11 முதுகெலும்பு. அதற்கு மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுக் கம்பி வைத்திருக்கிறார்கள், அது எல்1 வரை இறங்குகிறது. இந்த ஸ்கேனை எடுக்கும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே மெஷினுக்கு எலும்பும் உலோகமும் ஒன்றுதான். எது எக்ஸ்ரேயைத் தடுத்தாலும் அடர்த்திக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கம்பி தெரிகிற எலும்பைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது இந்த ஸ்கேனின் பாலபாடம். சரி, அதை விலக்கினாலும் முதுகு பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனின் மேலுடம்புப் பாரத்தை முதுகெலும்பு சுமந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் அது பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். சுமையே இல்லாமல் கிடப்பது கால்தான்.

கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான், அதைச் சொல்ல வேண்டும்.

"மேடம், போன் டென்சிட்டின்னா ஸ்பைனும் ஹிப்பும்தான். ஹிப்புக்குக் காலை உள்பக்கமா திருப்பி வைக்கணும். சாருக்குக் கால் இழுத்துக்கிட்டே இருக்கு, அதனால ஸ்பைன் மட்டும் எடுத்தோம்."

"முழங்கால் எடுக்க மாட்டீங்களா?"

"முழங்கால் வலிக்கு ஆர்த்தோ பார்க்கணும் மேடம்."

கையோடு வைத்திருந்த டாக்டர் சீட்டை நீட்டினேன். இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் மேல்முனை என்று தெளிவாக எழுதியிருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு, "இப்படி யாரும் எழுத மாட்டாங்களே" என்றான். எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான சர்வதேசச் சங்கம் 2019-லேயே இந்த மூன்று இடங்களைத்தான் சொல்லியிருக்கிறது. அதுவும் எலும்பு முறிந்த பிறகு இல்லை, அடிபட்டவரின் உடல்நிலை நிலைப்பட்டதுமே எடுக்கச் சொல்கிறது. ஒன்பது வருஷத்தில் தம்பிக்கு இதுதான் முதல் ஸ்கேன்.

நான் பிரிட்டனில் இருக்கிறேன். அங்கே இதெல்லாம் தேனாறும் பாலாறுமாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனுக்குக் கடிதம் வரக் காத்திருந்தே பாதி உயிர் போகும். ஆனால் பல இடங்களில் அந்த அறைக்குள் போனால் ஆளைத் தூக்கி மேஜையில் வைக்க ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி இருக்கும். இங்கே நானும் அட்டெண்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். எலும்பு உடையுமா என்று பார்க்க வந்த இடத்தில் எலும்பு உடைகிற மாதிரி ஒரு தூக்கல். அங்கே சரியான இடத்தைப் படமெடுக்க மாசக்கணக்கில் ஆகும். இங்கே தப்பான இடத்தை அரைமணி நேரத்தில் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் இன்னொரு கச்சேரி. சித்தப்பாவுக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏத்தின ஸ்டீராய்டு எலும்பை அரிச்சுடுச்சு." பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் முதலில், பிறகு மணிக்கு கிலோவுக்கு 5.4 மில்லிகிராம் வீதம் 23 மணி நேரம். 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் அதே அளவு. அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அசைவு கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது என்றது அந்த ஆய்வு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அதே கணக்கைத் திரும்பப் புரட்டியவர்கள், பலன் சின்னது, நிமோனியாவும் வயிற்றில் ரத்தக்கசிவும்தான் பெரிய கவலை என்றார்கள். 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி வேண்டாம் என்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பும் 2016-இல் வேண்டாம் என்றது. 2017-இல் ஏஓ ஸ்பைன் என்ற முதுகெலும்பு மருத்துவர் அமைப்பு, 8 மணி நேரத்துக்குள் வந்தால் 24 மணி நேரம் கொடுப்பதை யோசிக்கலாம் என்று கதவைப் பாதி திறந்து வைத்தது. ஆக, அன்றைக்கு அதைக் கொடுத்தவரைத் திட்ட நான் தயாரில்லை.

70 கிலோ ஆளுக்கு அந்த ஒரே நாளில் கிட்டத்தட்ட 10.8 கிராம் போகிறது. கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் வழி பெரும்பாலும் வேறு: மாசக்கணக்காக விழுங்கும் மாத்திரை. புது எலும்பு கட்டும் செல்களை அது முடக்கும், குடலில் கால்சியம் ஏறுவதைக் குறைக்கும், சிறுநீரில் கால்சியத்தை வெளியே தள்ளும். தம்பிக்கு ஸ்டீராய்டு மாத்திரையே கொடுக்கவில்லை. அவன் காலை மெலிய வைத்தது, அந்தக் கால் நிற்காததும், தண்டுவடத்திலிருந்து அதற்குப் போக வேண்டிய கட்டளை போகாததும். முதல் சில மாதங்களில் மாதத்துக்கு 2 முதல் 4 சதவீதம் வரை எலும்பு போகும். இரண்டு மூன்று வருஷத்தில் முழங்காலைச் சுற்றியிருக்கும் எலும்பில் பாதிகூடக் காணாமல் போகலாம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ வெளிநாட்டுக்காரி, உனக்கு மருந்து கம்பெனி மேல பாசம்" என்றார்.

ஆனால் சித்தப்பா பயம் சிலருக்குப் பொருந்தும். ஸ்கேன் சென்டரில் எங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்த பெண்ணுக்குத் தண்டுவட அழற்சி. ஒரு நாளைக்கு 1 கிராம் வீதம் சில நாள் ஸ்டீராய்டு ஊசி, அதன்பின் மாசக்கணக்கில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. தினம் 2.5 மில்லிகிராம் அளவு மூன்று மாதம் தாண்டினாலே எலும்பைக் கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி. அவளுக்கு நடையும் இல்லை, மாத்திரையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடி. கால்சியமோ வைட்டமின் டி-யோ எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவள் அம்மா பையைத் துழாவிவிட்டு, அசிடிட்டி மாத்திரை மட்டும் காட்டினார்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வேறொரு சென்டருக்குப் போனோம். அங்கே கொஞ்சம் வயசான டெக்னீஷியன். சீட்டைப் படித்தார், முகம் சுளிக்கவில்லை. "எந்தக் கால் முறிஞ்சது?" என்று முதலில் கேட்டார். முறிந்து சேர்ந்த கால் கணக்கைக் குழப்பும், அதனால் மற்றக் காலை எடுக்கலாம் என்றார். மேஜை சில்லென்று பட்டால் கால் துள்ளும் என்று தெரிந்து, போர்வையை இரண்டாக மடித்து விரித்தார். துள்ளியபோதும் அவசரப்படவில்லை, முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை பேசாமல் நின்றார். மெஷினில் முழங்காலுக்கென்று தனி ஏற்பாடு கிடையாது, முதுகுக்கான ஸ்கேன் முறையிலேயே எடுத்துவிடலாம் என்று எடுத்தார். சின்ன வயசில் எங்களைப் பார்த்த கம்பவுண்டர் ஐயா ஞாபகம் வந்தது; அந்த மாதிரிக் கை.

ரிப்போர்ட்டில் இடுப்பு மூட்டின் இசட் ஸ்கோர், அதாவது அதே வயசுக்காரர்களோடு ஒப்பிடும் அளவு, மைனஸ் 2.4. வயசுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஐம்பதுக்குக் கீழே உள்ள ஆணுக்கு இளவயசுக்காரர்களோடு ஒப்பிடும் டி ஸ்கோரைப் பார்க்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முழங்காலுக்கு ஸ்கோர் போடவில்லை, ஒப்பிட அளவு இல்லையே. கிராம் கணக்கை மட்டும் எழுதி, கீழே பேனாவால், "அடுத்த முறை இதே மெஷின், இதே நிலை" என்று குறித்துக் கொடுத்தார்.

இதை வைத்து டாக்டர், எலும்பு கரைவதைத் தடுக்கும் ஸோலெட்ரானிக் ஆசிட் போடலாம் என்கிறார், வருஷத்துக்கு ஒரு முறை ஏற்றுவது. ஆனால் இடுப்புக்குக் கிடைக்கும் பலன் முழங்காலுக்கு அவ்வளவாகக் கிடைக்காது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முன் வைட்டமின் டி-யைச் சரிசெய்ய வேண்டும், பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை வற்றியவருக்கு அது எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும் என்று சிஸ்டாட்டின் சி என்ற வேறு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். தம்பிக்குச் சொல்லிவிட்டு வந்திருப்பது இரண்டே விஷயம்: கால் வீங்கினால் ரத்தக்கட்டுக்கும் பார், எக்ஸ்ரேயும் கேள்; அந்த டெக்னீஷியன் ரிட்டையர் ஆவதற்குள் அடுத்த ஸ்கேனை எடுத்துவிடு.