கொள்முதல் நிலையத்தை ஆராய எந்தச் சட்டகம்?

பெரிய நிறுவனங்களில் தகவல் தொழில்நுட்ப ஆளுகையை, அதாவது அத்தொழில்நுட்பம் பற்றி யார் முடிவெடுக்கிறார், யார் பொறுப்பேற்கிறார் என்பதை, ஆராய விரும்பும் தஞ்சை, கும்பகோணம் மாணவர்கள் வங்கியைத் தேடி ஓட வேண்டாம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையமே போதும் என்பேன். இணையப் பதிவு, மண்டல அலுவலகம், சென்னையில் தலைமை எல்லாம் இருக்கின்றன. எந்தச் சட்டகத்தோடு போவது என்பதுதான் கேள்வி.

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். ஐப்பசி மழை இறங்கப்போகிறது. குறுவை நெல் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று விவசாயிக்குப் பதற்றம். பதிவில் கிடைத்த தேதிக்கோ இன்னும் நாளிருக்கிறது. அந்தத் தேதியை முன்னே கொண்டுவரும் அதிகாரம் நிலையத்தில் இருக்கும் பட்டியல் எழுத்தருக்கா, மண்டலத்துக்கா, சென்னைக்கா?

முதல் சட்டகம், தகவல் அமைப்புத் தணிக்கையாளர்களின் சங்கமான ஐசாக்கா 1996இல் வெளியிட்ட 'கோபிட்'. அது தணிக்கையாளர் மரபில் பிறந்தது. தேதியை மாற்றியவருக்கு அனுமதி இருந்ததா, தடம் பதிவானதா என்று துருவும். 2019 பதிப்பில் 40 நோக்கங்கள். ஆய்வேட்டுக்கு அத்தியாயப் பிரிவு தயார், வழிகாட்டியும் மறுப்புச் சொல்லமாட்டார்! பொறுப்புப் பட்டியலும் அதில் உண்டு. ஆனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, நடப்பில் யார் எடுக்கிறார் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீட்டர் வைல், ஜீன் ராஸ் இருவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 23 நாடுகளில் 256 நிறுவனங்களை ஆராய்ந்து 2004இல் அவர்கள் வெளியிட்ட நூலில் ஓர் அட்டவணை உண்டு. தகவல் தொழில்நுட்பம் பற்றிய ஐந்து வகை முடிவுகள் ஒரு பக்கம். அவற்றை எடுப்போர் மறுபக்கம்: மன்னராட்சி முதல் அராஜகம் வரை ஆறு வகை. ஒவ்வொரு பிரிவும் தன்னிஷ்டப்படி நடப்பது நிலப்பிரபுத்துவம். (கீழத்தஞ்சையில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.)

சாம்பமூர்த்தி, ஸ்மட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதிய கட்டுரை, அதிகாரம் ஏன் மையத்திலோ கிளையிலோ குவிகிறது என்பதற்குக் காரணம் தேட உதவும், துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு வைல்–ராஸுக்கு, ஒரு திருத்தத்தோடு. அவர்கள் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பத் தலைவர்களைத்தான் கேட்டார்கள். நம் மாணவர் அதே அட்டவணையைத் தலைமையகத்தில் ஒருமுறை, மண்டலத்தில் ஒருமுறை, பட்டியல் எழுத்தரிடம் ஒருமுறை நிரப்பி வாங்கட்டும். மூன்றும் எந்தக் கட்டத்தில் முரண்படுகின்றனவோ, ஆய்வேடு அங்கே தொடங்கட்டும்.