எந்த ஆட்டோமேட்டிக் எந்த இடத்தில் காலை வாரும்?

நண்பர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். நாற்சந்தியில் எதிரே வந்த வண்டிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் திரும்பினார். பாதி திரும்பும்போதே, மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மீட்டரில் 'டி' (டிரைவ்) இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மின்னுகிறது. எதிரே வந்த லாரி டயர் தேய நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிட்டது. மறுநாள் சர்வீஸ் சென்டரில், "ஸ்கேன் பண்ணிட்டோம் சார், எரர் கோட் எதுவும் வரல. வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வண்டியில் இருந்தது டிரை கிளட்ச் வகை டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிறவர்கள் "எது அதிகம் கெடும்?" என்றுதான் கேட்கிறார்கள். அன்றைக்குப் பிறகு நான் கேட்பது வேறு: கெட்டால், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடுமா? கெடும் நேரத்தில் என்னை ரோட்டின் நடுவில் விடுமா, ஓரத்துக்காவது கொண்டுபோய்ச் சேர்க்குமா? டிசிடி, ஏஎம்டி, சிவிடி, பழைய டார்க் கன்வர்ட்டர் என்ற நான்கையும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை கொஞ்சம் கலைகிறது.

முதலில் நான்கையும் ஒரே ஏற்றத்தில், ஊர்ந்து நகரும் டிராஃபிக்கில் நிறுத்திப் பார்ப்போம். டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருப்பது எண்ணெய். வழுக்கல் எல்லாம் எண்ணெயில்தான் நடக்கிறது. சூடும் எண்ணெயில் ஏறி கூலருக்குப் போய்விடும். சிவிடி வண்டிகள் பலவற்றிலும் கிளம்புவதற்கு இதே கன்வர்ட்டர்தான், அதற்குப் பின்னால் இரண்டு புல்லிகளும் ஒரு எஃகு பெல்ட்டும் இருக்கும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் இடது காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு பம்ப்போ மோட்டாரோ கிளட்சை மிதித்து கியரை மாற்றும். டிரை டிசிடியில் அப்படி இரண்டு கிளட்ச். எண்ணெய்க் குளியல் இல்லாமல் காற்றில் சுழல்பவை. ஊர்ந்து போகும்போது இவை அரைக் கிளட்சிலேயே இருக்கும். மேனுவல் ஓட்டத் தெரிந்த யாரும் ஏற்றத்தில் பத்து நிமிடம் அரைக் கிளட்சில் நிற்க மாட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டர் நிற்கும், ஏனென்றால் நாம் நிற்கச் சொல்கிறோம்.

டிரை டிசிடிக்கு எதிரான புகார்களில் பாதி இந்தச் சூட்டிலிருந்து பிறந்தவை: கிளம்பும்போது உதறல், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஜெர்க், அப்புறம் 'கியர்பாக்ஸ் ஓவர்ஹீட், நிறுத்தவும்' என்ற எச்சரிக்கை. இவை தொல்லைகள், ஆனால் சொல்லிவிட்டு வருபவை. மற்ற பாதிதான் பயமுறுத்துவது, அது கிளட்சைப் பற்றியதே அல்ல. அந்தக் கிளட்சுகளை இயக்கும் எலக்ட்ரானிக்ஸும் ஹைட்ராலிக்ஸும் சேர்ந்த பெட்டியைப் பற்றியது. ஃபோக்ஸ்வேகன் 2013இல் தன் 7 கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அந்தக் கம்பெனி வைத்த பெயர்) வண்டிகள் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் எண்ணெயால் மின்னணுப் பகுதியில் கோளாறு வந்து டிரைவ், அதாவது சக்கரத்துக்குப் போகும் சக்தி, இல்லாமல் போகலாம் என்பது காரணம். வேலை என்ன தெரியுமா? சிந்தெடிக்கை வடித்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றுவது. விலை உயர்ந்த எண்ணெய்தான் நல்ல எண்ணெய் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த 7 கியர் பெட்டியில் 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றில். அதனால்தான் "திடீரென்று ரிவர்ஸ் போகவில்லை, ஆனால் முன்னால் போகிறது, நடுவில் கியர் தாவுகிறது" என்று விசித்திரமாகப் புகார் வருகிறது. புகார் சொல்பவர் குழப்புகிறார் என்று நினைக்க வேண்டாம். இரட்டைப்படைக் கியர்களின் பக்கம் மொத்தமாகப் படுத்துவிட்டது என்பதைத்தான் துல்லியமாகச் சொல்கிறார்.

டிசிடியையும் ஏஎம்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. அழுத்தம் போனால் கிளட்ச் என்ன செய்யும்? டிரை டிசிடியில் கிளட்ச் இயல்பில் திறந்த நிலையில் இருக்கும். அழுத்திப் பிடித்தால்தான் சேரும். பிடி போனால் விலகிவிடும், வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். நாற்சந்தியில் எங்களுக்கு நடந்தது அதுதான். ஏஎம்டியில் இருப்பது மேனுவல் வண்டியின் கிளட்ச். ஸ்பிரிங் அதை எப்போதும் சேர்த்தே வைத்திருக்கும், பிரிக்கத்தான் அழுத்தம் வேண்டும். அதனால் ஓடும்போது பம்ப் கைவிட்டால், பெரும்பாலும் இருக்கிற கியரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நின்றால் நின்றதுதான், அடுத்த கியர் விழாது. ஆனால் ஓரம் வரைக்கும் வந்துவிடலாம். ஏளனமாகப் பேசப்படும் ஏஎம்டி, கெடும் விஷயத்தில் மட்டும் பெரியண்ணனைவிட நாகரிகமானது.

ஓட்டுகிற சுகத்தில் ஏஎம்டிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒவ்வொரு கியருக்கும் தலை ஆட்டும். ஹில் ஹோல்ட் இல்லாத மாடல்கள் ஏற்றத்தில் பின்னால் உருளும். "பின்னாடி வண்டி நெருக்கமா நிக்கிறப்ப பயமா இருக்கு" என்ற புகாருக்கு, இது கோளாறே இல்லை என்று பதில் வரும். பின்னால் நிற்பவரின் பம்பருக்கு அந்த விளக்கம் போதாது.

வெட் கிளட்ச் டிசிடி தனி ரகம். கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் சூடு இறங்க வழி உண்டு. எண்ணெயும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றினால் இதை டார்க் கன்வர்ட்டருக்குப் பக்கத்தில் வைப்பேன். விளம்பரத்தில் இரண்டுக்கும் 'டிசிடி' என்றுதான் போடுவார்கள். டிரையா வெட்டா என்று கேளுங்கள். ஷோரூமில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சிவிடி கெடும் விதமே வேறு. அது மெதுவாக, அலுத்துக்கொண்டே கெடும். நிதான வேகத்தில் ஒரு நடுக்கம் வரும், மிதித்தால் சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது, நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடேறியதும் பவர் குறையும். நிஸான் தன் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி மாடல்களுக்கு அமெரிக்காவில் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,20,000 மைல் என்று இரட்டிப்பாக்கியது. கம்பெனி தானாக வாரண்டியை இரட்டிப்பாக்குகிறது என்றால், வாடிக்கையாளர்கள் எவ்வளவு கத்தியிருப்பார்கள் என்பது புரியும். ஆனாலும் அந்த நடுக்கம் பெரும்பாலும் வாரக் கணக்கில் எச்சரிக்கும், அதன் பிறகுதான் கியர்பாக்ஸ் படுக்கும். எச்சரிக்காமல் உடைந்த கதைகளும் உண்டு. 2015இல் ஹோண்டா சிவிக், ஃபிட் சிவிடி வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம், டிரைவ் புல்லி ஷாஃப்ட் உடையலாம், டிரைவ் இல்லாமல் போகலாம், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு என்பது. அது சிவிடியின் இயல்பு என்பதைவிட அந்தத் தொகுப்பின் குறை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டொயோட்டா ஹைபிரிட்களில் 'இ-சிவிடி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பெல்ட் அறுந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் பெல்ட்டே கிடையாது. பிளானட்டரி கியர் ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும்தான். பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் சிவிடியோடு.

டார்க் கன்வர்ட்டர்தான் கெட்டி என்று பழைய மெக்கானிக்குகள் சத்தியம் செய்வார்கள். முக்கால்வாசி உண்மை. மின்சாரக் கோளாறு வந்தால், பல மாடல்களில் வால்வுகள் ஒரு குறிப்பிட்ட கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த லிம்ப் மோடில் மெதுவாக வொர்க்ஷாப் வரை ஓட்டிவிடலாம். இதற்கும் நோய்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் பெட்டிகளில் வந்த உதறலுக்குக் காரணம் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவது என்று தெரிந்து, வேறு எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். 2005க்குப் பிந்தைய சில நிஸான் எஸ்யூவிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கியர் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்தது. எண்ணெய் பால் கலந்த பழச்சாறு மாதிரி ரோஸ் நிறமாகிவிடும். கியர்பாக்ஸ் கெட்டது ரேடியேட்டரால்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிய கதை ஒன்று இந்தக் கெட்டியான கியர்பாக்ஸோடு வந்ததுதான். ஃபியட் கிரைஸ்லர் 2016இல் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300. கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. குறை லிவரில். தள்ளிவிட்டதும் நடுவுக்கே திரும்பிவிடும் எலக்ட்ரானிக் லிவர் அது. 'பி'யில் (பார்க்கிங்) போட்டாயிற்று என்று நினைத்து இறங்கியவர்களை அவர்கள் வண்டியே இடித்தது. நடிகர் ஆன்டன் எல்சின் 2016 ஜூனில் இறந்தது தன் கிராண்ட் செரோக்கி உருண்டு வந்து மோதித்தான். 2022இல் ஃபோர்டு 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இதே ரகம்: கியர் கேபிளின் முனையில் இருக்கும் ஒரு சின்ன புஷ் தேய்ந்து கழன்றால், லிவர் 'பி'யில் இருக்கும், கியர்பாக்ஸ் வேறெங்கோ இருக்கும். எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு அப்புறம் 'பி' போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இனி சர்வீஸ் சென்டர் கவுண்டர். நான்கு வகைக்கும் அங்கே கிடைக்கும் முதல் பதில் ஒன்றே: "இது இந்த மாடலோட கேரக்டர் சார்." இரண்டாவது, "நீங்க ஓட்டற விதம்." இரண்டாவது பதிலுக்கு ஒரு விலை உண்டு என்று 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் காட்டியது. பவர்ஷிஃப்ட் என்ற டிரை டிசிடி வைத்த ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் உரிமையாளர்கள் உதறல் என்று வந்தபோது, அவர்கள் ஓட்டும் முறையே காரணம் என்று சொல்லப்பட்டது. குறை தங்கள் வண்டியில் இருப்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. புகார்களை நடத்திய விதத்துக்காக ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். கியர்பாக்ஸ் கெட்டதற்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் "ரோட்டின் நடுவில் டிரைவ் போய்விட்டது" என்று சொன்னதை அட்வைசர் "ஜெர்க் – செக்" என்று எழுதுவார். முதலாவது பாதுகாப்புக் குறை, இரண்டாவது சௌகரியக் குறை. பின்னாளில் வாரண்டி முடிந்து சண்டை வரும்போது இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கும். நண்பருக்கு அதுதான் நடந்தது. முதல் இரண்டு கார்டிலும் 'ஜெர்க்'. மூன்றாவது முறை, மீட்டரில் அந்தக் கோடு மின்னுவதை நான் போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினோம். நேரம், கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஓடி சூடாக இருந்தது, எந்த வேகம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம். அன்று மதியமே வேறு ஒருவர் வந்து பேசினார்.

என் வரிசை இது. தினமும் நெரிசலில் ஊர்பவருக்கு டார்க் கன்வர்ட்டர், இல்லையென்றால் பெல்ட் இல்லாத ஹைபிரிட். அவசரமில்லாமல் ஓட்டுபவர், எண்ணெயை 'லைஃப்டைம்' என்று நம்பாமல் மாற்றுபவர் என்றால் சிவிடி தாராளமாக வாங்கலாம். சுகம் வேண்டாம், எளிமை போதும் என்பவருக்கு ஹில் ஹோல்டோடு ஏஎம்டி. நெடுஞ்சாலையில் விரட்டுபவருக்கு வெட் டிசிடி. டிரை டிசிடி ஓட்ட இனிமையானது, நானே ரசித்திருக்கிறேன். பழைய வண்டியாக, வாரண்டி இல்லாமல் வாங்க மட்டும் சொல்ல மாட்டேன்.

நண்பர் காரை விற்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் நாற்சந்தி வந்தால் எதிர்ப்பக்கம் முழுசாகக் காலியாகும் வரை நிற்கிறார். பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.