டெல்லியில் ஊடக ஆய்வுக்கு எந்தப் பணம் கடைசிவரை வரும்? ஜே.ஆர்.எஃப்., நெட் இல்லாத உதவித்தொகை, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். – ஓர் அலசல்

இதழியல், வெகுசன ஊடகம், திரைப்பட ஆய்வு என்று முனைவர் பட்டத்துக்கு டெல்லி வரும் தமிழ் மாணவர்கள் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு தருவார்கள்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. அந்தப் பணம் எத்தனை மாதம் வரும்? ஒவ்வொரு மாதமும் அது வர யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்? நான் ஜே.ஆர்.எஃப். எடுத்து ஆய்வு செய்தவன்; நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை அது. அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். அதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வு உதவித்தொகை, ஆனதும் 42,000. ஐந்தாண்டும் முழுதாக வாங்கினால் 24 லட்சம். இதற்கு மேல் சில்லறைச் செலவு நிதி, அதாவது கன்டின்ஜென்சி, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, அடுத்த மூன்று ஆண்டு தலா 20,500. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. டெல்லி, வாடகைப் படி அதிகமாகத் தரப்படும் எக்ஸ் பிரிவு நகரம் என்பதால் படி உதவித்தொகையில் 24 சதவீதத்துக்குக் குறையாது.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் நெட் தகுதி இல்லாத ஆய்வாளருக்குத் தருவது மாதம் 8,000. நான்கு ஆண்டுக்கு 3,84,000 ஆகிறது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் (எல்லோருக்கும் அது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.தான்) முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000, ஆண்டுக்கு 20,000 கன்டின்ஜென்சி, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. மொத்தம் 5,20,000. ஆய்வுப் பட்டத்துக்கு யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஊடக ஆய்வு மூன்று ஆண்டில் முடிவது அபூர்வம். களப்பணி, நேர்காணல், அதை எழுத்தில் இறக்குவது, பழைய பத்திரிகைக் கோப்புகளைத் தேடித் தீன்மூர்த்தி நூலகத்திலும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் உட்காருவது என்று நான்கு, ஐந்து ஆண்டு ஓடிவிடும். அந்த நீளத்துக்கு ஈடுகொடுப்பது இவற்றில் ஜே.ஆர்.எஃப். ஒன்றுதான்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யு.ஜி.சி. நெட்டில் வெகுசன ஊடகமும் இதழியலும் பாட எண் 63. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் குறைப்பு இல்லை, அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுப் பிரிவில் வயது உச்சவரம்பு 30. பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. முதுகலை கடைசி ஆண்டிலேயே எழுதலாம். 2024 ஜூன் தேர்விலிருந்து ஜே.ஆர்.எஃப். எல்லைக்குக் கீழே நிற்பவர்களும் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆய்வுச் சேர்க்கைக்குப் போகலாம். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. அது சேர்க்கைக்கு மட்டும்தான், ஓராண்டு செல்லும், பணம் தராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "நெட் பாஸ், இனி உதவித்தொகை வரும்" என்று டெல்லிக்கு வண்டி ஏறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இனி, ஜே.ஆர்.எஃப். கிடைத்த பிறகு நடப்பது. யாரும் முன்கூட்டிச் சொல்லாத இடம் இதுதான்.

பணம் பல்கலைக்கழகம் தருவதில்லை. கனரா வங்கியின் உதவித்தொகைத் தளம் வழியாக நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. அந்தத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் சார்பில் இரண்டு பேர் இருப்பார்கள்: பதிவேற்றுகிற 'மேக்கர்', ஒப்புதல் தருகிற 'செக்கர்'. மாதா மாதம் நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று நெறியாளர் கையெழுத்திட்ட சான்று துறைத்தலைவர் வழியாக உதவித்தொகைப் பிரிவுக்குப் போக வேண்டும். மேக்கர் ஏற்ற வேண்டும், செக்கர் ஒப்ப வேண்டும். இதில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நின்றுவிடும். தொகை கைவிட்டுப் போகாது, பாக்கியாகப் பின்னால் வரும். ஆனால் வீட்டுக்காரருக்கு ஒன்றாம் தேதி வாடகை வேண்டுமே!

அதிகம் தடைபடுவது மே, ஜூன் மாதங்களில். நெறியாளர் ஊரில் இருக்க மாட்டார், துறை அலுவலகம் பாதி காலி. விடுமுறைக்கு முன்பே அவர் எந்தத் தேதிகளில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சான்றைக் கொடுத்ததோடு நிற்காமல் அலுவலகத்தில் பதிவு எண் வாங்குங்கள். 'கொடுத்தேன்', 'வரவில்லை' என்ற சண்டைக்கு அந்த எண் ஒன்றே மருந்து.

முதல் பணம் வரும் இடைவெளி இன்னும் நீளம். சேர்க்கை, சேர்ந்ததற்கான அறிக்கை, விருதுக் கடிதச் சரிபார்ப்பு, தளத்தில் பெயர் ஏறுவது என்று மாதங்கள் போகும். சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள் என்றாலும், அதுவரை தாங்க ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது. முனிர்க்கா, கட்வாரியா சராய், ஜாமியா நகர் எங்கே அறை எடுத்தாலும் முன்பணம் கேட்பார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை இரண்டாம் ஆண்டு முடிவில். எஸ்.ஆர்.எஃப். ஆக, வெளி வல்லுநர் ஒருவரோடு குழு கூடி உங்கள் வேலையை மதிப்பிட வேண்டும். ஊடகத் துறைகள் சிறியவை. உங்கள் தலைப்புக்குப் பொருந்துகிற வெளி ஆள் கிடைத்து, அவருக்கும் தேதி ஒத்துவந்து, நடவடிக்கைக் குறிப்பு தட்டச்சாகி மேலே போவதற்குள் மூன்று, நான்கு மாதம் ஓடும். 24 மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் 21-ஆவது மாதமே நெறியாளரிடம் பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.

வாடகைப் படிக்கு, பல்கலைக்கழகம் விடுதி தரவில்லை என்ற சான்றோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விடுதியில் இடம் கிடைத்ததும் படி நிற்கும். சொல்லாமல் வாங்கினால் பின்னால் பிடித்தம் வரும். இரண்டையும் ஒப்பிட்டால் டெல்லியில் விடுதிதான் லாபம். வாடகைப் படி வெளி அறையின் வாடகையை ஓரளவு தாங்கும், சாப்பாட்டையும் மின்கட்டணத்தையும் தாங்காது.

கன்டின்ஜென்சியில் புத்தகம், களப்பயணம், தட்டச்சு, எழுதுபொருள் எல்லாம் செல்லும். மேசை நாற்காலி செல்லாது. வாங்கும் கருவி பல்கலைக்கழகத்தின் சொத்தாகிவிடும் என்பதால் நல்ல ஒலிப்பதிவுக் கருவியை இதில் வாங்குமுன் இரண்டு முறை யோசியுங்கள். ரசீதில் உங்கள் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் தெளிவாக இருக்கட்டும். வெளிறிப்போகும் வெப்பத்தாள் ரசீதை அன்றே நகலெடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால், நெட் விண்ணப்பத்தில் வேறு மாதிரி. சரிபார்ப்பில் இது இடிக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சான்றிதழில் உள்ளபடி ஒன்றாக்கிவிடுங்கள். ஆதார் எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வங்கியில் கேளுங்கள். ஊரில் எப்போதோ தொடங்கிய பழைய கணக்கோடு இணைந்திருந்தால் சிக்கல்.

மற்றது சாதிச் சான்று. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றை மத்திய அரசுப் பணிகளில் ஏற்க மாட்டார்கள். மத்தியப் பட்டியலுக்கான ஓ.பி.சி. சான்று, கிரீமி லேயரில் இல்லை என்ற குறிப்போடு, வட்டாட்சியர் தர வேண்டும். இ-சேவையில் விண்ணப்பிக்கலாம், ஆனால் வி.ஏ.ஓ. விசாரணை உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். நிதியாண்டு மாறிய பின் பழைய சான்றைத் திருப்பிவிடக்கூடும். 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்' என்று தள்ளினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைகள் ஜே.ஆர்.எஃப். அளவுக்கே தருகின்றன. தேர்வு அதே நெட் வழியாகத்தான். ஆனால் பணம் இப்போது அந்தந்தப் பிரிவுக்கான தேசிய நிதி மேம்பாட்டுக் கழகங்கள் வழியாக வருகிறது. பொது ஜே.ஆர்.எஃப்., பிரிவு உதவித்தொகை இரண்டிலும் இடம் கிடைத்தால் பொதுவையே எடுங்கள் என்பேன். தனித் திட்டங்களின் ஆயுள் அரசின் மனநிலையைப் பொறுத்தது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டதை நினைவில் வையுங்கள்.

அதே கவலை நெட் இல்லாதவர்களுக்கான 8,000 ரூபாய்க்கும் உண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்துவதாக யு.ஜி.சி. முடிவெடுத்தபோது மாணவர்கள் டெல்லி ஐ.டி.ஓ. பகுதியில் உள்ள அதன் அலுவலகத்தின் முன் உட்கார்ந்துதான் அதைக் காப்பாற்றினார்கள். தொகை இன்றும் அதேதான். ஜவஹர்லால் நேரு, ஜாமியா மில்லியா, டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில்தான் இது உண்டு. மாநில, தனியார் பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்திருக்கும். தனியாரில் ஜே.ஆர்.எஃப்.போடு சேர நினைப்பவர், நிறுவனம் யு.ஜி.சி. சட்டம் 2(எஃப்), 12(பி) பட்டியலில் (முதலாவது அங்கீகாரம், இரண்டாவது மத்திய நிதி பெறும் தகுதி) இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் 8,000-ஐ அலட்சியப்படுத்த வேண்டாம். விடுதி கிடைத்தால் உணவுக் கட்டணம் போக ஏதோ மிஞ்சும். அதை வாங்கிக்கொண்டே அடுத்த நெட்டை எழுதலாம், தகுதி பெற்றதும் மாறிக்கொள்ளலாம்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பக்கம் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. விதிமுறையையும் வாங்கியவர்கள் சொன்னதையும் வைத்தே சொல்கிறேன். ஆய்வுப் பதிவு முடிந்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். முன்னேற்ற அறிக்கை பார்த்துத் தவணையாகப் பணம் வரும். வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியாது. இரண்டே ஆண்டு என்பதால் எப்போது தொடங்குவது என்பதுதான் சூட்சுமம். பாடநெறி ஓடும் முதலாண்டில் எடுத்தால் எழுதும் காலத்தில் கை வறண்டுபோகும். வயது வரம்பு தாண்டி ஜே.ஆர்.எஃப். வாய்ப்பில்லாதவர், களப்பணி தொடங்கும்போது இதை எடுப்பது பொருத்தம்.

முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். யு.ஜி.சி.யின் முதுகலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டு. முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இளங்கலை மதிப்பெண்தான் அளவுகோல். மற்றது நம் மாநிலத்துடையது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபின மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் வரை. சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள நலத்துறை ஆணையரகம்தான் அலுவலகம். டெல்லியில் இருக்கும் நம் மாணவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது என்பது என் ஊகம்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, 2022 விதிமாற்றத்துக்குப் பின் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த தலைப்புகளுக்குக் கிடையாது. தமிழ் சினிமாவையோ இந்தியச் செய்தித் தொலைக்காட்சியையோ ஆராய நினைப்பவருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு மட்டும், அதற்கும் 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு ஆண்டு நாடு திரும்பி இருக்க வேண்டும். செய்தி நிறுவனத்தில் மூன்று, நான்கு ஆண்டு இருந்தவருக்கு இது தோதானது.

நொய்டாவிலோ, பத்திரிகை அலுவலகங்கள் உள்ள ஐ.என்.எஸ். கட்டடத்திலோ வேலையில் இருந்துகொண்டே ஆய்வு செய்ய விரும்பும் பத்திரிகையாளருக்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது, அது முழுநேர ஆய்வுக்கு மட்டுமே. அவர்களுக்கு வழி பகுதிநேர ஆய்வு. அதற்கு நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், வேலை போக ஆய்வுக்கு நேரம் இருக்கும், தேவைப்பட்டால் பாடநெறிக்கு விடுவிப்போம் என்று மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதை எழுதித் தரத்தான் ஆசிரியர் குழுக்கள் தயங்கும். சேர்க்கை அறிவிப்பு வருமுன்பே மனிதவளப் பிரிவில் பேசி வாங்கி வைத்துவிடுங்கள்.