லினியேஜ் ஓஎஸ், கிராஃபீன் ஓஎஸ்: புதிய கைபேசிக்கு எது?

காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரோ, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவரோ கைபேசியோடு வரும் இயங்குதளத்துக்குப் பதிலாக, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ், கிராஃபீன் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நாடினால், முதலில் தீர்மானிக்க வேண்டியது கைபேசியைத்தான். கிராஃபீன் ஓஎஸ் கூகுளின் பிக்சல் கைபேசிகளை மையமாகக் கொண்டது. அவற்றின் விலையோ குறைவன்று. சயனோஜென்மாட் என்ற முந்தைய மாற்று இயங்குதளம் 2016 இறுதியில் நின்றுபோனபின் அதன் தொடர்ச்சியாக எழுந்த லினியேஜ் ஓஎஸ், பல நிறுவனங்களின் கைபேசிகளில், தயாரித்தவர்களே கைவிட்ட பழைய மாதிரிகளிலும்கூட, இயங்குகிறது.

உண்மையான வேறுபாடு பாதுகாப்பில் உள்ளது. கிராஃபீனை நிறுவியபின், அதற்காகத் திறந்த பூட்லோடரை (கைபேசி இயங்கத் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலை) மீண்டும் பூட்டிவிடலாம் என்பதால், கைபேசி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளம் மாற்றப்படவில்லை என்பது சரிபார்க்கப்படுகிறது. லினியேஜ் நிறுவிய பெரும்பாலான கைபேசிகளிலோ பூட்லோடர் திறந்தே கிடக்கும். பல செயலிகள் சார்ந்திருக்கும் கூகுள் பிளே சேவைகளுக்கும் கிராஃபீன் தனிச்சலுகை எதுவும் தருவதில்லை. சாதாரணச் செயலிகளுக்குரிய கட்டுப்பாடுகளே அவற்றுக்கும் பொருந்தும்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கீரைக்கட்டுக்குக்கூட யுபிஐயில் பணம் கொடுக்கும் காலத்தில், சில வங்கிச் செயலிகள் இரண்டிலுமே முரண்டு பிடிக்கலாம் என்பதை மறக்கலாகாது. புதிதாக வாங்குபவருக்கு, கையில் பணமிருந்தால், கிராஃபீனையே பரிந்துரைப்பேன்; பழைய கைபேசிக்கு உயிரூட்ட லினியேஜே ஏற்றது. எதுவாயினும், பூட்லோடரைத் திறக்கும்போது கைபேசியிலுள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும் என்பதால், படங்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும்.