86,000 ரூபாய்க்குப் பழைய டயர்: செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 86,000 ரூபாய். நான்கு டயருக்கு. நான்கும் புதுசு, நான்கும் ரன்ஃபிளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்), நான்கும் இந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். இன்று மதியம் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்று 2016-இல் தயாரானது, இன்னொன்று 2015. முன்னால் இருப்பவை புதுசுதான், ஆனால் ரன்ஃபிளாட்டே இல்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. வக்கீல் நண்பர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். கோவையில், கண்ணாடிக் கதவும் ஏசியும் காபி மெஷினும் வைத்து, வெளிநாட்டுக் கார்களுக்கென்றே டயர் விற்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த மாதிரி காருக்கு டயர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்று தூக்கம் வராது.

என்னுடையது 2012 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4, 35ஐ. 306 குதிரைசக்தி, பின்சக்கர இழுவை. டயர் அளவு முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் சாதாரணக் காரில் செய்வதுபோல முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்ட முடியாது. பின் டயர்தான் சீக்கிரம் தேயும். ஸ்டெப்னியும் கிடையாது. பஞ்சரானால் காற்றே இல்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போய்ச் சேரலாம், அதற்காகத்தான் கம்பெனியே ரன்ஃபிளாட் போட்டு அனுப்புகிறது. ஆக, இந்த வண்டியில் ரன்ஃபிளாட் இல்லை என்றால் ராத்திரி பாலக்காட்டு ரோட்டில் ஒரு ஆணி ஏறினால் போதும், டோ வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அளவு தெருமுனைக் கடையில் கிடைக்காது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டு, உரிமம் இருந்தால்தான் கொண்டுவரலாம் என்றாக்கியது. அதன் பிறகு இதுபோன்ற அளவுகளுக்கு அலைய வேண்டியிருக்கிறது. கேட்கிற கடையெல்லாம் "அந்த சைஸ் வர்றதில்லைங்க, ஆர்டர் போட்டா மூணு மாசம் ஆகும்" என்றார்கள். "என்கிட்ட இருக்குங்க" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அதுவே பாதி வியாபாரம். இந்தக் கடைக்காரருக்கு அது நன்றாகவே தெரியும்.

மீதிப் பாதியை அவர் எப்படி முடித்தார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். விலை பேசவே இல்லை. வெளியே வந்தார், டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து, உள்ளே ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரைப் படித்தார். பழைய டயரைத் தடவிப் பார்த்து "பின்னாடி உள்பக்கம் பட்டன் சுத்தமா போயிடுச்சு சார், கேம்பர் அப்படி" என்றார். பட்டன் என்றால் டயர் மேலே ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டிகள், கேம்பர் என்றால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். சரியாகச் சொன்னார். நான் விலை குறைவான ஒரு பிராண்டைக் கேட்டதும் கையை ஆட்டினார். "அதை வேற கடையில வாங்கிக்கங்க சார். இந்த வண்டிக்கு ஸ்டார் மார்க் இல்லாத டயரை நான் மாட்டித் தர மாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் மனசு கேக்காது."

மனசு கேட்காதாம்!

ஸ்டார் மார்க் என்பது உண்மையான விஷயம். பிஎம்டபிள்யூ தன் காருக்கென்று சோதித்து ஏற்றுக்கொண்ட டயரின் பக்கவாட்டில் சின்ன நட்சத்திரம் இருக்கும். போர்ஷேவுக்கு என்0, என்1 என்று வரும், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. இதெல்லாம் தெரிந்த மனிதர், கையில் வந்த வியாபாரத்தையே வேண்டாம் என்கிறார். இதைவிட ஒருவரை நம்புவதற்கு வேறென்ன வேண்டும்? "பார்த்து வாங்கியிருக்கலாமே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு இதுதான் பதில். பார்த்துத்தான் வாங்கினேன். டயரில் இருக்கும் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொன்னேன். "சரக்கு குடோன்ல இருக்குங்க" என்று சொல்லி வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினார். இந்த வருடத்து எண், நட்சத்திரம், எல்லாம் பளிச்சென்று. அது எந்த டயரின் போட்டோ என்று இப்போது அவருக்குத்தான் வெளிச்சம்.

40,000 முன்பணம், மீதி 46,000 மாட்டும் அன்று. மொத்தம் 86,000. மாட்டுகிற அன்று "பேலன்சிங் பார்க்கணும், நேரமாகும், ஆபீஸ் போயிட்டு வாங்க சார்" என்றார்கள். இருட்டிய பிறகு வண்டி தயாராக நின்றது, டயர் பாலிஷ் பூசிக் கறுகறுவென்று. பில் கேட்டேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, ஜிஎஸ்டி பில் காலையில் வாட்ஸாப்பில் வரும் என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதில் "டயர் 4 - 86,000" என்று மட்டும் இருக்கிறது. அளவு இல்லை, பிராண்ட் இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் காலை இன்னும் விடியவில்லை.

என் பழைய டயர்களையும் "நாங்களே டிஸ்போஸ் பண்ணிடறோம்" என்று வைத்துக்கொண்டார்கள். இப்போது யோசித்தால் அவையும் பாலிஷ் போட்டு வேறு யார் தலையிலோ கட்டப்பட்டிருக்கும்.

போன வாரம் மழையில் நீலாம்பூர் பைபாஸில் ஏறும்போது, சாதாரணமாக ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கே பின்பக்கம் வழுக்கி இழுத்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு (சக்கரம் வழுக்கினால் எரிவது) விடாமல் மின்னியது. தேய்ந்த பழைய டயரில்கூட இப்படி ஆனதில்லை. பட்டன் முழுசாக இருக்கிறதே, ஏன் என்று குழப்பம். ஒருமுறை கடைக்குப் போன் செய்தேன். "புது டயர் அப்படித்தாங்க சார், கொஞ்ச தூரம் ஓடினா செட்டாகிடும்." புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் வழுக்கும் என்பது உண்மைதான், அதனால் அதையும் நம்ப வைத்தது.

இன்று வேறொரு இடத்தில் வீல் அலைன்மென்ட் கொடுத்தபோது அங்கிருந்த பையன் கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்து, "ண்ணா, இதை யாருங்ண்ணா மாட்டுனது?" என்றான். பின்பக்க இடது டயரில் 'அவுட்சைடு' என்று அச்சடித்த முகம் உள்பக்கமாக இருக்கிறது. தேதி அந்த முகத்தில்தான். 0815, அதாவது 2015-இன் எட்டாவது வாரம். அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே டயரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று வடிவமைத்த டயர் அது, தெரியாமல் செய்கிற வேலை இல்லை இது. வலது டயரில் 3116. ரிம்மிலிருந்து கழற்றிப் பார்த்ததில் இடது டயருக்குள் ஒரு மஷ்ரூம் பேட்ச் (உள்ளிருந்து பஞ்சர் அடைக்கும் ஒட்டு) வேறு. யாரோ ஓட்டி, பஞ்சர் ஒட்டி, கழற்றிப் போட்ட டயர். மேலே பட்டன் இருந்து என்ன? ரப்பர் வருடக்கணக்கில் காய்ந்து இறுகிவிட்டால் ஈர ரோட்டில் பிடிப்பு இருக்காது. எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று மிஷெலின், கான்டினென்டல் போன்ற கம்பெனிகளே சொல்கின்றன.

அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டேன். முதலில் "அப்படியெல்லாம் இருக்காதுங்க சார், நீங்க தப்பா படிக்கறீங்க". போட்டோ அனுப்பினேன். "குடோன்ல நிழல்ல இருந்த டயர் கெட்டுப்போகாதுங்க." சரி, பேட்ச்? "அது கம்பெனியில வர்றதுதான்." கம்பெனியில் மஷ்ரூம் பேட்ச் ஒட்டி விற்கிறார்களாம்! அப்புறம் "டயர் கம்பெனியில க்ளெய்ம் பண்ணுங்க, பில் வெச்சிருக்கீங்கல்ல?" என்றார். பில் தராதவர் கேட்கிற கேள்வி.

நேரில் போனேன். முதலாளி திருப்பூரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவர் கார் கடை வாசலில் நிற்கிறது. காத்திருந்தேன். கடைசியில் கேபினிலிருந்து வந்தவர் அன்று குனிந்து ஸ்டிக்கர் படித்த மனிதராகவே இல்லை. "ஓடின டயரைத் திரும்ப எடுக்க மாட்டோங்க." ஓடாமல் எப்படிங்க கண்டுபிடிப்பது? குரலை உயர்த்தினேன். அதற்கு ஒரு சலுகை சொன்னார் பாருங்கள்: பின் டயர் இரண்டையும் கொடுத்தால் 15,000 கழித்துக்கொண்டு "ஒரிஜினல் ஃப்ரெஷ் பீஸ்" தருவாராம். அப்படியானால் 86,000 கொடுத்து நான் வாங்கியது என்ன? வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ஸாப்பில் அவர் படம் காணவில்லை, மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். பிளாக் செய்துவிட்டார்.

86,000 ரூபாய் போனதைவிட, இந்த டயரோடு ஊட்டி மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கல்லாறு தாண்டி அந்த வளைவுகளில் மழை பெய்தால் நல்ல டயருக்கே சோதனை.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் போடுகிறேன்.

டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்னால், தரையில் கிடக்கும்போதே, நான்கு டயரின் இரண்டு பக்கத்தையும் நீங்களே பாருங்கள். ஓவல் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழு எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். போட்டோவை நம்ப வேண்டாம். உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், பேட்ச் இருந்தால் தட்டுப்படும்.

ரன்ஃபிளாட்டுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறி வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷெலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, டயரில் இருக்க வேண்டும். அளவுக்குப் பின்னால் 90டபிள்யூ மாதிரி வருவதில் எண், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும், எழுத்து அது தாங்கும் வேகத்தைக் குறிக்கும். கதவு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருப்பதைவிடக் குறைவாக வாங்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், என் பின் டயர் இரண்டிலும் இல்லை.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அளவும் தயாரிப்பு எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் கைக்கு வந்த பிறகு மீதிப் பணம்.

நான் பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, அவர் அனுப்பிய போட்டோ, வாட்ஸாப் உரையாடல் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதே மாதிரி கடையில் இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். 255/35 ஆர்18 ரன்ஃபிளாட் நேர்மையாக விற்கிற இடம் சென்னையிலோ பெங்களூரிலோ தெரிந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.